முனியாண்டி வளைவும் சூடு தெரியாத காரும்

பலாங்கொடையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், பாதித் தூரத்தில் ஒரு வளைவு. டர்பன்டைன் மரத்தடியில் முனியாண்டி. வண்டியில் வருகிறவர்கள் அங்கே நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும். சாமிக்கு முன்னால் என்ஜின் உறுமக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அணைத்ததும் மலையே மூச்சடக்கிக்கொண்டது போல இருக்கும். மூடுபனிக்குள் எங்கேயோ தண்ணீர் விழும். இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் முதலில் வருகிறது.

நான் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஆலையில், கணக்கெழுதும் கிளாக்கர். என் வீட்டுக்காரி வேதக்காரி. கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை அவளை டவுன் சர்ச்சுக்கும் என் அம்மாவைச் சந்தைக்கும் கூட்டிப்போகவே அந்தக் காரை வாங்கினேன். ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிய பெட்ரோல் கார், கம்ப்யூட்டர் வைத்தது. மற்ற நாட்களில் தகரக் கொட்டிலில் தூங்கும்.

ஒரு ஞாயிறு திரும்பி வரும்போது, முனியாண்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால், கர் கர் என்று சுற்றுகிறதே ஒழியப் பிடிக்கவில்லை. பெட்ரோல் வாசம் மூக்கைத் துளைத்தது. சூடு காட்டும் ஊசி மட்டும் நல்ல பிள்ளையாக நடுவில் நின்றது. அடுத்த ஞாயிறும் அதே கதை. பின்சீட்டில் இருந்த அம்மா, யாரையும் பார்க்காமல், வேதக்காரி உள்ளே இருந்தால் முனி எப்படி வண்டியை விடும் என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்மாவிடம் காட்ட வேண்டியதை வீட்டுக்காரியிடம் காட்டினேன்.

"நீ எறங்கி முன்னால நட. பாப்போம்."

அவள் இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பனிக்குள் போனாள். வெள்ளைச் சேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போயிற்று. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாவி, நானும் அதை நம்பினேன்.

அதற்குப் பிறகு வளைவு வந்தால் அவளே கதவைத் திறப்பாள். நான் பார்க்காதது போலக் கற்பூரம் ஏற்றுவேன். மேலே ஸ்டோர் திருப்பத்தில் அவளை ஏற்றிக்கொள்வேன். விஷயம் தோட்டத்து லய வீடுகளெல்லாம் பரவி, ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டு அவளைத் தாண்டிப் போனது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாய்ந்திருப்பேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

கார் பெட்ரோலைக் குடித்துக் கறுப்புப் புகை கக்கியதால், ஒரு புதன்கிழமை லீவு போட்டுத் தனியாகப் பலாங்கொடை கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக், சிங்கள பாஸ், சூட்டோடு அணைத்து, உடனே சாவியைத் திருப்பிப் பார்த்தார். பிடிக்கவில்லை. அங்கே முனியும் இல்லை, அவளும் இல்லை.

ப்ளக்கைக் கழற்றினார், கறுத்து நனைந்திருந்தது. ஊசி நடுவில்தானே நிற்கிறது என்றேன். ஊசிக்கு ஒரு சென்சர், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சர் என்று சிரித்தார். அந்த இரண்டாவதைக் கழற்றி, கேத்தல் தண்ணீரில் நுனியை நனையவிட்டு மீட்டர் பிடித்தார். தண்ணீர் சூடாகச் சூடாக எண் இறங்க வேண்டுமாம். ஆவி பறந்தது, எண் அசையவே இல்லை. பழைய காரொன்றில் கழற்றி வைத்திருந்ததை நனைத்தார். எண் விறுவிறுவென்று இறங்கியது.

"மேகட்ட தாம சீதலய்," என்றார்.

அதாவது, இதுக்கு இன்னும் குளிருதாம். கொதிக்கிற என்ஜினைக் குளிர்ந்து கிடப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றுகிறது, ப்ளக் நனைந்துபோகிறது. கால் மணி நேரம் சும்மா விட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும் என்றார். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் அவள் நடந்திருக்கிறாள்.

நல்ல சென்சரைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது வளைவில் இரண்டு தடவை அணைத்து, இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு குறையும் இல்லை. ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. வியாழன், வெள்ளி, சனி போயிற்று. வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

ஞாயிறு வளைவில் என்ஜினை அணைத்தேன். நான் வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. அவள் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். கற்பூரத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. சத்தம் கேட்டு அவள் நின்றாள். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சென்சர் கதையை முன்னும் பின்னுமாக உளறினேன், புதன்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்து. அவள் முந்தானையில் பனி துளித்துளியாக இறங்கியிருந்தது.

"அப்ப நான் நடந்ததெல்லாம்?" என்றாள்.

கதவைத் திறந்து பிடித்தேன். அவள் ஏறவில்லை, நடந்தாள். நான் அம்மாவைப் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி, அவள் கூடவே நடந்தேன். ஸ்டோர் திருப்பம் வரைக்கும் அவள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.