எங்கே குறை?

ஈப்போ மருத்துவமனையின் தோல் பிரிவில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். வாட்டசாட்டமான லோரி ஓட்டுநர். வாய்க்குள் முழுக்கக் கொப்புளம், உடைந்த புண். ஒவ்வொரு முறையும் பேசும் முன் பிளாஸ்கிலிருந்து ஓர் ஐஸ் கட்டியை எடுத்து நாக்கில் வைப்பார். அது கரைந்த பிறகுதான் பேச்சு வரும்.

“என் உடம்பே என்னைத் தின்னுதாம் தம்பி. டாக்டர் சொல்றாரு லா. ஆனா வருசா வருசம் நாக்குல அலகு குத்துறவன் நான். ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. போன பூசத்துல வந்துச்சு. விரதத்துல எங்கயோ குறை வெச்சிட்டேன்.”

“இது நோய்ண்ணே. இந்த வருசம் குத்தாதீங்க.”

“விரதம் தொடங்கியாச்சு. மருந்து நாக்குல பட்டா கெட்டுரும்னு மாத்திரையையும் நிறுத்திட்டேன்.”

“திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துண்ணே!”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்தது.

தைப்பூசத்தன்று கூட்டத்தில் அவரைக் கண்டேன். வேல் நாக்கில் ஏறியிருந்தது. தாடையில் ரத்தம் இறங்க இறங்க, சுற்றி நின்றவர்கள் ‘வேல் வேல்’ என்று இன்னும் சத்தமாக முழங்கினார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார். அந்தக் கண்கள் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தன, எங்கே குறை வைத்தேன் என்று.