இரும்புத் தகட்டுக்கு ஒரு மெத்தை

மெத்தைக்காரம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு சோபா உறை, நாற்காலித் திண்டு, மெத்தை உறை எல்லாம் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. ரெக்சின் சுருள் ஒரு பக்கம், ஃபோம் துண்டுகள் ஒரு பக்கம், நடுவில் தையல் மெஷின், அதன் முன்னால் அவள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுகிற சாமர்த்தியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு.

அவள் மெஷின் ஓயும் நேரத்தில் பின்னறையிலிருந்து 'டொப்பு, டொப்பு' என்று சத்தம் வரும். யாரும் பயப்பட வேண்டாம், அது அவள் வீட்டுக்காரர். ஏர் கன் ரிப்பேர் செய்கிறவர். போட்டியில் அட்டையைச் சுடுகிறார்களே, அந்தத் துப்பாக்கி. ஸ்பிரிங் விரியும், காற்று அழுந்தும், சின்ன ஈயக் குண்டு பறக்கும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதானில் ஆயிரம் வில்லங்கம் இருக்கிறது என்பார் அவர். தெருவில் அவருக்குப் பெயர் டொப்பு மாமா. பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது.

துப்பாக்கியைப் பிரித்து, வாஷர் மாற்றி, ஸ்பிரிங்கைச் சரிபார்த்துப் பூட்டினால் வேலை முடியாது. குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் போனால் துப்பாக்கி தேறிவிட்டது. கூடிக் குறைந்தால் உள்ளே ஏதோ கோளாறு. அளப்பதற்கு ஒரு மெஷின் வைத்திருந்தார், குரோனோகிராஃப். செல்லமாகக் குரோனோ. டிஃபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, அதன் மேல் முன்னும் பின்னுமாக இரண்டு கண்கள். முதல் கண்ணைத் தாண்டிய குண்டு இரண்டாவது கண்ணைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து, திரையில் வேகத்தைக் காட்டும்.

அதை அவர் தாங்கிய தாங்கல் இருக்கிறதே! தினமும் மெல்லிய துணியால் துடைப்பார், உறையில் போட்டு மூடுவார், யாரையும் தொட விடமாட்டார். "என்னைக்காவது என்னை இப்படித் துடைச்சு வச்சிருக்கீங்களா? வீட்டுக்குள்ளயே சக்களத்தியைக் கொண்டு வந்து வச்சிட்டு பெருமை வேற" என்று அவள் நொடிப்பாள். "சக்களத்தி சத்தம் போடமாட்டா" என்பார் அவர். அன்றைக்குக் காபி கொஞ்சம் ஆறித்தான் வரும்.

குண்டு போக வேண்டியது அந்தக் கண்களுக்கு மேலே. ஒரு விரல் அளவு கீழே இறங்கினால் மெஷின் காலி. அதனால் மெஷினுக்கு முன்னால் கனமான இரும்புத் தகடு ஒன்றை நிறுத்தி, அதில் பாட்டில் மூடி அளவுக்கு ஓட்டை போட்டிருந்தார். ஓட்டை வழியாகப் போகிற குண்டு மெஷினைத் தாண்டி, பழந்துணி அடைத்த பெட்டியில் போய்ப் புதையும். வழி தவறின குண்டு தகட்டில் மோதி 'டங்'கென்று விழும். அந்த 'டங்'கை அவள் கல்யாணமான புதிதில் எப்போதோ கேட்டதோடு சரி. அவர் கை அப்படி.

சமீபமாகத்தான் அந்தச் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. டம்ளரைப் பிடிக்கும்போது அவர் கை லேசாக ஆடுவதை அவள் அதற்கு முன்பே பார்த்திருந்தாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு தளர்ந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முழுசாகச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காபி குடிச்சா யாருக்குத்தான் ஆடாது" என்று சொல்லிவிட்டு மனுஷர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அவளும் கிளறவில்லை.

ஆனால் ஒவ்வொரு 'டங்'குக்குப் பிறகும் பின்னறையில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதுதான் அவளைக் கொன்றது. தையலை நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அடுத்த 'டொப்பு' வர வெகு நேரமாகும். சாப்பிட வரும்போது அவர் முகம் தொங்கிப் போயிருக்கும். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? டீக்கடை அரட்டை கிடையாது, சீட்டுக் கச்சேரி கிடையாது. மகளைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போனாலே ரெண்டாம் நாள் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். வேலை போனால் ஆள் ஒடிந்துவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

என்ன செய்தாள்? தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கெட்டியான ஃபோமை அடுக்கி, மேலே கறுப்பு ரெக்சின் போர்த்தி, தகட்டின் அளவுக்கு ஒரு மெத்தை தைத்தாள். தகட்டில் இருக்கும் ஓட்டைக்கு நேராக மெத்தையிலும் ஒரு ஓட்டை, சுற்றிலும் பட்டி வைத்துத் தைத்தது.

"என்னம்மா இது?" என்றார் அவர்.

"இரும்புல பட்டுத் தெறிக்கிற குண்டு உங்க கண்ணுல பட்டா யார் பாக்கறது? நீங்க பாட்டுக்குச் சுடுங்க, இது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் பொண்டாட்டி மூளை எவனுக்கு வரும்!" என்று அவரே தகட்டில் கட்டி மாட்டினார். சுடும்போது காதில் பஞ்சு வேறு அடைத்திருப்பார். மெத்தையில் குண்டு பட்டால் ஒன்றும் கேட்காது. கறுப்பு ரெக்சினில் துளையும் தெரியாது. கறுப்பைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான், கள்ளி! காலையில் அவர் குளிக்கப் போனதும் இவள் பின்னறைக்குள் நுழைந்து, மெத்தையில் புதைந்த குண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பையில் போடுவாள். ஓட்டையின் விளிம்பில் பட்டி பிய்ந்திருந்தால் நின்ற வாக்கிலேயே ரெண்டு தையல் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து இட்டிலித் தட்டில் மாவு ஊற்றுவாள்.

வீடு பழையபடி ஆயிற்று. எப்போதாவது மெஷின் ஒன்றும் காட்டாவிட்டால் பேட்டரியைத் திட்டிவிட்டு மறுபடி சுடுவார். அவர் மறுபடி சாப்பாட்டுக்கு நடுவில் வம்பளக்க ஆரம்பித்தார். அவளுக்கு அது போதும்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சர் வந்தாள். நெடுநெடுவென்று இருப்பாள், அரட்டல் பேர்வழி, பிள்ளைகளை விசிலாலேயே மேய்ப்பவள். சுடுவதென்றால் அவளுக்கு உயிர். பெரிய போட்டி ஒன்றுக்கு முதல் முறையாகத் தேர்வாகியிருந்தாள். "அண்ணா, ஒரு தடவை எல்லாத்தையும் சரிபாத்துக் கொடுத்துடுங்க. உங்க கை பட்டாதான் எனக்குத் தைரியம்" என்று துப்பாக்கியைப் பச்சைப் பிள்ளையைக் கொடுப்பது போல அவர் மடியில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தத் துப்பாக்கி அவரைப் படாத பாடு படுத்தியது. ஒரு குண்டு சரியான வேகம் காட்டும். அடுத்தது சடாரென்று குறையும். அதற்கடுத்ததற்குத் திரையில் ஒன்றுமே வராது. மெஷினுக்கு பேட்டரி மாற்றினார், விளக்கை நகர்த்தினார், கண்களைத் துடைத்தார். அப்புறம் துப்பாக்கியைப் பிரித்தார். வாஷரை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், பூட்டினார், சுட்டார். அதே கதை. "ஒரு இடத்துல வச்சு இறுக்கிட்டுச் சுட்டுப் பாருங்களேன்" என்று துப்பாக்கி கிளப்பிலிருந்து வேறொரு துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொண்டு வந்த ஒருவர் சொன்னதற்கு, "தோள்ல வைக்காம சுட்டா இந்த ஜாதித் துப்பாக்கி பொய் சொல்லுமுங்க" என்று எரிந்து விழுந்தார். பொய் எங்கிருந்து வருகிறது என்று பாவம், அவருக்கு என்ன தெரியும்?

கடைசியில் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். முன்னறையில் இவள் திண்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னறைப் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். சிலிண்டர்லயே கோளாறுன்னு நெனைக்கிறேன். உள்ள பாத்தா தெரியல, ஆனா வேகம் நிக்க மாட்டேங்குது. இதை நம்பிப் போட்டிக்குப் போகாதீங்க."

"வேற துப்பாக்கிக்கு நான் எங்கண்ணா போவேன்? கை பழகினது இது ஒண்ணுதான்." டீச்சர் குரல் தழுதழுத்தது. விசில் ஊதுகிற வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள். "பரவால்லண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

"கொஞ்சம் வேகமா போகுது, கொஞ்சம் மெதுவா போகுது, என்னவோ வழியில யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி" என்று அவர் முனகினார்.

இவள் கையிலிருந்த ஜிப் நழுவியது. வழியில் பிடித்து இழுப்பது யார்? அன்றைக்குக் காலையில்கூட அந்த விளிம்புப் பட்டியைத் தைத்தாளே! ஓட்டைக்குள் நுழையும்போது குண்டு அந்த ஃபோமில் உரசிக்கொண்டு போகிறது. உரசினால் வேகம் குறையாமல் என்ன செய்யும்? உள்ளேயே நுழையாதது மெத்தையில் புதைகிறது, மெஷின் பேசாமல் இருக்கிறது. துப்பாக்கியிலும் ஒன்றுமில்லை, மெஷினிலும் ஒன்றுமில்லை. எல்லாம் இவள் வைத்த வினை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. டீச்சர் அடுத்த வருஷம் போய்க்கொள்வாள். சொன்னாலோ, அவர் கையைப் பற்றி அவருக்கே, அதுவும் மூன்றாம் மனுஷி எதிரில், இவள் வாயால் சொல்ல வேண்டும். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். டீச்சர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அடக் கடவுளே, இதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

கத்தரிக்கோலோடு பின்னறைக்குள் போனாள். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெத்தையைத் தகட்டிலிருந்து பிடுங்கி, நடுவில் ஒரே வெட்டு. பிதுங்கிய ஃபோமை உதறினாள். அன்றைய குண்டுகள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

"துப்பாக்கி நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "நான்தான்… சத்தம் கேட்டா நீங்க சோர்ந்து போறீங்கன்னு…"

அவர் குனிந்து ஒரு குண்டை எடுத்தார். அது அவர் விரல்களுக்கிடையில் ஆடியது. இன்னொன்றை எடுக்கப் போனவர் எடுக்காமலே நிமிர்ந்தார். இவளைப் பார்க்கவில்லை.

"டீச்சர், நீங்களே சுடுங்க" என்றார். "துப்பாக்கியில ஒண்ணுமில்ல. என் கைதான் சரியில்ல."

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டாள். அவர் திரைக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைப் படித்தார். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே வேகம். போகும்போது டீச்சர் இவள் கையை இறுகப் பிடித்துவிட்டு, "வரேன்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது இவர்கள் இரண்டு பேர்தான். அவர் ஸ்க்ரூடிரைவர்களைப் பெட்டியில் போட ஆரம்பித்தார். தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்.

"இனிமே யார் வந்தாலும் இல்லைன்னு சொல்லிடு. அந்தக் கிளப்புத் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்துடலாம். நல்ல துப்பாக்கியைக் கெட்டதுன்னு சொல்றவன் இந்த வேலையில இருக்கக் கூடாது."

எதற்குப் பயந்தாளோ அது வந்தே விட்டது. அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது கோபம்.

"கை நடுங்கினா என்ன? காது நடுங்குதா, மூளை நடுங்குதா? தோள்ல வைக்கறதுக்கு ஒரு ஆள், பாத்துச் சொல்றதுக்கு ஒரு ஆள். டீச்சர் சுட்டப்ப ஆச்சுல்ல? நகருங்க!"

கிளப்புத் துப்பாக்கியைக் கையில் எடுத்து, அவருடைய உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை, அந்தரத்தில் தொங்கியது. "எப்படிப் பிடிக்கணும்? சொல்லுங்க."

"ஏய், விளையாடாத. தகடுகூட இல்ல. குரோனோ போயிடும்!" அவர் பாய்ந்து மெஷினைக் கையால் மறைத்தார். மறைத்தபடியே இவள் முகத்தைப் பார்த்தார். கண் நிறைய தண்ணீர், மூக்கு சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அத்தனை பெரிய துப்பாக்கியை அணைத்துப் பிடித்தபடி அவள். அவர் கையை எடுத்தார். பின்னால் வந்து, அவள் தோளைத் திருத்தி, முழங்கையை உயர்த்தி, நகர்ந்து நின்றுகொண்டார்.

"போனா போகட்டும்" என்றார். "சுடு."

சுட்டாள். மெஷின் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தரையில் விழுந்தது.

திரைக்கு நட்ட நடுவில் ஓட்டை. "ஐயய்யோ!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைக் குனிந்து எடுத்தார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. திரும்பினார், சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீரோடு.

"இப்படிக் குறி பாத்து நான்கூட அடிச்சதில்லடி!"

அவள் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் இன்னும் அடங்காத சிரிப்போடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

"காலையில கடைக்குப் போகணும். நீயும் கிளம்பு."

"நான் எதுக்கு?"

"மெஷினும் வாங்கணும், குட்டையா ஒரு ஸ்டூலும் வாங்கணும். சுடப் போறது நீதானே? உன் கால் தரையில படவேணாமா?"