ஒன்பதாவது கேள்விக்குப் பொய்

லேத் பட்டறையில் அவருக்கு 'மைக்ரான்' என்று பட்டப்பெயர். அவர் கடைந்த இரும்புத் தண்டில் மயிரிழை பிசகாது. இருபத்திரண்டு வருடம் அப்படி உழைத்த கையைக் கடைசி நான்கு வருடத்தில் குடி நடுங்க வைத்தது. இரண்டு தடவை சிகிச்சைக்குப் போனார். முதல் தடவை நாற்பது நாளில், அடுத்த தடவை பதினாறே நாளில், பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. முதலாளி அவரை மெஷினை விட்டு இறக்கிச் சாமான் அடுக்கப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுப்பதாக மனைவிதான் கேள்விப்பட்டு வந்தாள். தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுவார்களாம். குடிக்கும் வேட்கை குறைகிறதா என்று பார்ப்பார்களாம். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு வாரம்.

படிவத்தில் பதினான்கு கேள்விகள். ஒன்பதாவது, கண்ணிலோ தலையிலோ உலோகத்துண்டு எப்போதாவது புகுந்ததுண்டா என்பது. பட்டறையில் கண்ணில் தூள் விழாதவன் யார்? பதினோரு வருடத்துக்கு முன் அவருடைய இடது கண்ணில் பாய்ந்த தூளைக் கண் டாக்டர் ஒருவர் எடுத்தார். முழுசாக எடுத்தாரா, யார் கண்டது? உண்மையை எழுதினால் வாசலோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, 'இல்லை' என்று குறித்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மனைவி கதவோரம் நின்றாள்.

"பயப்படாதீங்கண்ணே, வலிக்காது. இங்க பாருங்க," என்று நர்ஸ் சுருளைத் தன் முன்கைமேல் வைத்தாள். 'டக்'கென்றது. அவள் விரல்கள் தாமாகத் துள்ளின.

மைக்ரான் அந்த விரல்களையே பார்த்தார். தோலில் கீறல் விழாமல் உள்ளே போய் விரலை ஆட்டுகிற சாமான், கண்ணுக்குள் இரும்பு கிடந்தால் சும்மா விடுமா?

"நில்லுங்கம்மா! ஒன்பதாவது கேள்விக்குப் பொய் எழுதிட்டேன்."

விஷயத்தைக் கேட்டதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "குடிக்கிறதுக்குச் சொன்ன பொய் போதாதுன்னு, குடிய விடுறதுக்கும் பொய்யா?"

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் வந்தார். "இப்பவாச்சும் சொன்னீங்களே. முதல்ல சி.டி. ஸ்கேன் எடுப்போம். ஏதாவது தெரிஞ்சா உங்களச் சேர்த்துக்க முடியாது."

முடிவு வர இரண்டரை மணி நேரமாயிற்று. அவர் பெஞ்சில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார்.

"சேர்த்துக்கலன்னா என்னடி பண்றது?"

"பேசாம இருங்க. நானே சாமிய வேண்டிக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "சுத்தமா இருக்கு. ஒரு துளி இரும்பும் இல்ல."

மைக்ரான் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு படிவத்தை வாங்கி, ஒன்பதாவது கேள்வியில் 'இல்லை'யை ஒரே கோடாக அடித்து, 'ஆம்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்," என்றார் டாக்டர். "ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக, சில பேருக்கு நிஜ சிகிச்சை, சில பேருக்குச் சத்தம் மட்டும் வர்ற போலி. உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. சரியாயிடும்னு வாக்குக் கொடுக்க முடியாது."

"உள்ள விட்டீங்களே, அது போதும் சார்."

முதல் நாள் சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது, சுவரில் சாய்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.