மொட்டைக்கழுத்துக் குஞ்சுகள்

அடைக்கு உட்காரும் கோழியை எழுப்ப எனக்கு ஒரு வழி தெரியும். அதன் இறகிலேயே ஒன்றைப் பிடுங்கி, மூக்குத் துளையில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தலையை உதறிக்கொண்டே அலையும், உட்கார மறந்துபோகும். என் மனைவி அதைப் பார்க்க மாட்டாள். எனக்கு முட்டைதான் முக்கியம். பாடியில் தொழிற்சாலை வேலையை விட்டு வந்தபின், வேப்பம்பட்டு வீட்டுக்குப் பின்னால் ஏழு நாட்டுக்கோழிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், உடனே அடைக்குப் போய்விடும், பிறகு முட்டை கிடையாது.

இனத்தைக் கலக்கச் சொன்னார்கள். நிறைய முட்டையிடும் சிவப்பு ரகத்துச் சேவலை நாட்டுப் பெட்டையோடு விட்டால், பிறக்கும் பெட்டைகள் தாயைவிட அதிகம் இடுமாம், அடை உட்காருவதும் குறையுமாம். ஒரு சேவல் வாங்கி வந்தேன். ஏற்கெனவே இருந்த சேவலை அந்த ஞாயிற்றுக்கிழமையே குழம்பு வைத்தோம். அது மொட்டைக்கழுத்து, கழுத்தில் இறகே முளைக்காத வகை; என் பெட்டைகளில் அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா குஞ்சாகக் கொடுத்தது. அதே அடையில் பொரித்த இன்னொரு மொட்டைக்கழுத்துச் சேவல் அவர்கள் வீட்டில் வளர்ந்தது.

அக்கா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் கணவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், அந்தச் சேவலோடுதான் பேசிக்கொண்டிருப்பார். அவள் கையால் தின்று வளர்ந்தது என்பார். வீட்டில் அவருக்கு வேறு துணை இல்லை. அவரிடம் போய், "அண்ணாத்தே, உங்க சேவலைக் கொஞ்ச நாள் கட்டிப்போடுங்க. என் கோழிங்ககிட்ட வரக்கூடாது" என்றேன். அன்றே அதன் காலில் கயிறு கட்டினார்.

அடுத்த ஒரு வாரத்து முட்டைகளைச் சேர்த்து அடை வைத்தேன். பதினொரு குஞ்சு பொரித்தது. அதில் நான்குக்குக் கழுத்து மொட்டை.

நான்கையும் கூடையில் போட்டுக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"இன்னா அண்ணாத்தே இது? கட்டிப்போட்டேன்னு பொய் சொல்லிகினு கீறே?"

"இல்ல நைனா. கயித்த அவுக்கவே இல்ல. அது எங்கியும் போல."

"அப்போ இதுங்க கழுத்து எப்படி இப்படி வந்துச்சு? அந்தச் சேவல நீ அறுக்கிறியா, நான் உள்ள வந்து அறுக்கட்டா?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். குஞ்சுகளைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய்க் கத்தியோடு வந்தார். குனிந்து கயிற்றை அவிழ்த்தார். தீனி என்று நினைத்து அது அவர் கையருகே வந்து நின்றது. அவரே அறுத்தார். சாயங்காலம் கறியைச் சுத்தம் செய்து, "உனக்கு நஷ்டமாயிடுச்சுல்ல" என்று எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி தொடவில்லை. நான் இரண்டு வேளை சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து ஒரு குஞ்சு சுருண்டு நின்றது. ஆவடியில் கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய சேவலை எப்போது அறுத்தோம், முட்டை எப்போது எடுத்தோம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சேவல் சேர்ந்ததுக்கப்புறம் பெட்டை உடம்புல அந்த வித்து ரெண்டு மூணு வாரம் வரைக்கும் இருக்குங்க. அந்த முட்டையை அடை வெச்சிருக்கவே கூடாது. இதுங்களுக்கு அப்பன் உங்க பழைய சேவல்தான்."

தின்று செரித்த சேவல் அப்பனாகும் என்று யாருக்குத் தெரியும்? ரயிலேறித் திரும்பினேன். நேரே அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேப்பம்பட்டில் இறங்கினேன். ஆனால் தெருவைக் கூட்டிக் கத்தியவன் நான். அதே தெருவில் தலைகுனிந்து நிற்க என்னால் ஆகாது. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குள் போய்விட்டேன். அப்படியே பல நாள் போயிற்று.

இரண்டாவது அடையில் ஒன்பது குஞ்சு. அவர் சுவருக்கு மேல் எட்டி, ஒவ்வொன்றாக விரல் நீட்டிப் பார்த்தார்.

"அத்த அறுத்தப்புறம் ஒண்ணுகூட மொட்டை இல்ல நைனா. அப்போ அதுதான் எனக்குத் தெரியாம வந்துகினு இருந்துக்குது. அத்த நம்பி நான் உன்னாண்ட எதுத்துப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"பரவாயில்ல விடுங்க அண்ணாத்தே" என்று அவரை மன்னித்தேன்.