எழும்ப விடாமல் பிடித்த குதிரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியில், பலெர்மோ நகரில் இருந்தேன். காலையில் நான் சிஞ்ஞோரா (அம்மா) என்று கூப்பிடும் ஓர் இத்தாலியப் பெண்ணின் வீட்டில் வேலை, பின்னேரத்தில் கல்லூரியில் படிப்பு. என்ன படிப்பு என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. குதிரைகளைப் பராமரிக்கும் தாதிப் படிப்பு.

என்னைச் சேர்த்துவிட்டவரே அந்த சிஞ்ஞோராதான். அவர் குதிரை வைத்தியர், அந்தக் கல்லூரியில் படிப்பிப்பவர். அவர் வீட்டு நாயின் காலுக்கு நான் மருந்து கட்டியதைப் பார்த்துவிட்டு, என் கை பயப்படவில்லை என்றார். கை பயப்படவில்லைதான், மற்ற எல்லாம் பயந்தது. யாழ்ப்பாணத்தில் நான் கிட்டப் பார்த்த ஒரே குதிரை, திருவிழாவில் சாமியைச் சுமந்து வரும் மரக்குதிரை. என்னோடு ஒரே வீட்டில் இருந்த என் மச்சாளுக்கு இது பெரிய பகிடி.

"மனிசருக்கு நர்ஸ் எண்டாலும் ஊருக்குச் சொல்லலாம். குதிரைக்கு நர்ஸ் எண்டு நான் எப்பிடியடி சொல்லுறது?" என்பாள்.

ஒரு சனிக்கிழமை, கல்லூரி வைத்தியசாலைக்கு ஒரு பெண் குதிரையைக் கொண்டுவந்தார்கள். நகரின் கால்சா பகுதியில் இருந்த ஒரு குதிரைவண்டிக்காரருடையது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுகிற வண்டி. குடல் முறுக்கிக்கொண்டதில் வலி தாங்காமல் அது தரையில் புரண்டது. உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. அப்பாடா என்று நான் கையுறையைக் கழற்றப் போனேன். சிஞ்ஞோரா தடுத்தார். உண்மையான ஆபத்து இனிமேல்தான் என்றார்.

மயக்கம் தெளிகிற குதிரைக்கு முதலில் வருகிற எண்ணம் எழும்பி ஓடுவது. கால் இன்னும் சொன்னபடி கேட்காது. அவசரப்பட்டு எழும்பி விழுந்தால் எலும்பு முறியும், கால் முறிந்த குதிரையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். அதனால் சுவரெல்லாம் மெத்தை அடித்த ஓர் அறையில், விளக்கைக் குறைத்து, கண்ணைத் துவாயால் மூடி, அதன் கழுத்தில் முழங்காலை ஊன்றி ஒருவர் இருக்க வேண்டும். தலையைத் தூக்க முடியாவிட்டால் குதிரையால் எழும்ப முடியாது. நோயாளியை எழுப்பி நடக்க வைப்பதுதான் தாதி வேலை என்று நினைத்திருந்த எனக்கு, எழும்ப விடாமல் பிடிக்கிற வேலை கிடைத்தது.

வெளியே நடைபாதையில் வண்டிக்காரர் அழுதுகொண்டிருந்தார். பாவம், பொறுக்க முடியாமல் குதிரையின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். என் முழங்காலுக்குக் கீழே கழுத்து கல்லாக இறுகியது. அடுத்த கணம் நான் சுவரோடு கிடந்தேன். குதிரை பாதி எழும்பி, பின்னங்கால்கள் வழுக்கி, அறையே அதிர விழுந்தது. சிஞ்ஞோரா ஓடிப்போய்க் கால்களைத் தடவிப் பார்த்தார். முறியவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் தப்பாது என்று அவர் முகமே சொன்னது. அந்த மனிதரைக் கட்டடத்தை விட்டே வெளியேற்றச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தினமும் வேலைக்கு நடந்து போகும்போது வியா மக்வேதா தெருவில் இந்த வண்டிக்காரருடைய வண்டியைப் பார்ப்பேன். ஆட்கள் ஏறும்போது இவர் உதட்டைக் குவித்து நீளமாக, மெதுவாக ஒரு சத்தம் எழுப்புவார். பஸ் உரசிக்கொண்டு போனாலும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் குதிரை ஆணி அடித்ததுபோல நிற்கும். இதை என் அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். சிஞ்ஞோரா கொஞ்சம் யோசித்தார். பிறகு, தானே குதிரையின் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரைக் கூட்டிவா என்றார்.

நான் வெளியே போனதும் வண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். செத்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், ஆட்கள் ஏறும்போது செய்கிற அந்தச் சத்தம் மட்டும் போதும் என்றேன்.

உள்ளே வந்து நான் மறுபடி கழுத்தில் முழங்காலை ஊன்ற, அவர் என் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். உதடு நடுங்கியதில் முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு சத்தம் வந்தது. எனக்குக் கீழே அந்தக் கழுத்து மெல்ல மெல்ல இளகியதை நான் உணர்ந்தேன். அது அசையும்போதெல்லாம் அவர் அந்தச் சத்தத்தை எழுப்பினார், அது அடங்கியது. வெகு நேரத்துக்குப் பிறகு சிஞ்ஞோரா சைகை காட்ட, நாங்கள் எழுந்து கதவோரம் ஒதுங்கினோம். குதிரை தானாகவே புரண்டு, கால்களை மடித்து, நெஞ்சை ஊன்றி நிமிர்ந்து இருந்தது. இப்போது வண்டிக்காரர் சத்தத்தை நிறுத்தினார். தொப்பியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. குதிரையும் அவசரப்படவில்லை. காதுகளைத் திருப்பித் திருப்பி, ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டு, தன் கால்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

பிறகு முன்னங்கால்களை நீட்டியது. ஒரே உந்தில் அந்தப் பெரிய உடம்பு முழுவதும் எழுந்து நின்றது. ஒரு தள்ளாட்டம் இல்லை.

என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே கூப்பியிருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது, "குதிரையைக் கும்பிட்ட நர்ஸ் நீ ஒருத்திதான்" என்று மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வருடம், சண்டையில் அவளுடைய தம்பி போய்விட்டான் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. மச்சாள் சமையலறைத் தரையில் அப்படியே சரிந்தாள். வந்த பெண்கள் எல்லாரும் எழும்பு, முகம் கழுவு, ஒரு வாய் தேத்தண்ணி குடி என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களும் அன்பில்தான் இழுத்தார்கள். நான் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவள் பிடரியில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"ஆறுதலா எழும்பு மச்சாள். நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் தானாகவே சுவரைப் பிடித்து எழுந்து, குழாயடிக்குப் போனாள். இன்றைக்கும் யாராவது விழுந்து கிடப்பதைக் கண்டால், கையைப் பிடித்து இழுக்க முன்னால், அந்த அரையிருட்டில் தன் காலுக்குப் பலம் வரும்வரை காத்திருந்த குதிரைதான் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.