கடற்கரையில் ஒரு சிமெண்டுத் தரை

மாலத்தீவில் வேலை பார்க்கும் எனக்கும் கணவருக்கும் ஊர் சுற்ற வார இறுதிதான் வாய்க்கும். அப்படித்தான் போன மாதம் இலங்கைக்குப் பறந்து, திருகோணமலைக்குப் போனோம்.

மதியம் சாம்பல்தீவுக் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட இடம் தேடினோம். மணலுக்கு நடுவே சுத்தமான சிமெண்டுத் தரை ஒன்று கிடந்தது. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. "நமக்குன்னே போட்டு வெச்சிருக்காங்க!" என்றேன். செருப்புக் காலோடு ஏறி, கோழிக் கொத்து ரொட்டிப் பார்சலைப் பிரித்தோம். கடித்த எலும்புகளை ஒரு மூலையில் வீசினேன்.

பின்னாலிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தார். தரையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வெறும் தரைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது என்ன இடம் அக்கா?"

"எங்கட வீடு தங்கச்சி. சுனாமி கொண்டு போயிட்டுது. தரைதான் மிச்சம். ஒவ்வொரு நாளும் கூட்டுறனான்."

எலும்பு கிடந்த மூலையை அவர் பார்த்தார்.

"அதிலதான் என்ர மகள் படுத்திருந்தவள்."

பதறி எழுந்து எலும்புகளைப் பொறுக்கினேன்.

"இருங்கோ. சாப்பாட்டில இருந்து எழும்பக் கூடாது. வீட்டுக்கு வந்த ஆக்கள் நீங்கள்."

கிளம்பும்போது என் கணவர் பக்கவாட்டில் இறங்கப் போனார். சட்டென்று நின்று, "வாசல் எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டார்.

அந்த அக்கா கடல் பக்கம் கையைக் காட்டினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் அந்த வழியாகவே இறங்கினோம்.