மொட்டை மாடிக் கொடியும் என் பலகையும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். மேடவாக்கத்தில் சொந்தமாக நான்கு மாடி லேடீஸ் ஹாஸ்டல் கட்டி, ஐ.டி. பெண்களுக்குச் சோறும் போடுகிறேன், சட்டமும் போடுகிறேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமையான சட்டம், படிக்கட்டில் என் கையாலேயே எழுதி மாட்டிய பலகை: ‘உள்ளாடைகளை மொட்டை மாடியில் காயப்போடக் கூடாது.’ கௌரவமான ஹாஸ்டல் என்று பேர் வாங்கியதே அதனால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டாம் மாடிப் பெண் அறையைக் காலி செய்கிறேன் என்று வந்து நின்றாள். கீழே ஒரே அரிப்பு, வெள்ளை படுகிறது, மூன்றாவது தடவை, உங்கள் லாரித் தண்ணீர்தான் காரணம் என்றாள். பக்கத்து அறையிலும் அதே கதையாம். இந்தப் பேச்சு வெளியே போனால் ஹாஸ்டலே காலி. விடுவேனா? அன்றைக்கே அவளை ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கொண்டுபோனேன். என் தண்ணீர் சுத்தம் என்று அவர் வாயால் வரவழைக்க வேண்டும்.

டாக்டர் சோதித்துவிட்டுப் பூஞ்சைத் தொற்று என்றார். மருந்து எழுதினார், சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். பிறகு அவளிடம் கேட்டார்: “ஜட்டியை எங்கம்மா காயப்போடுறே?”

“ரூம்லதான் டாக்டர். டவலுக்கு அடியில. காலையில பாதி ஈரமாவே போட்டுக்குவேன்.”

“ஏன், மாடி இல்லையா?”

அவள் என்னைப் பார்த்தாள். “ஆன்ட்டி போர்டு மாட்டியிருக்காங்க.”

நான் பெருமையாக மாட்டிய பலகையே என் காலை வாரிவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள், டாக்டரும் சிரித்தார். ஈரமென்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். பருத்தி ஜட்டி போடு, நன்றாகக் காய்ந்த பிறகு போடு, வேர்த்த லெகிங்ஸை வந்ததும் மாற்று, அந்த இடத்தில் வாசனை சோப்பும் டெட்டாலும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றார்.

“எங்க ஹாஸ்டல் தண்ணியே போதும்ல டாக்டர்?” என்று விடாமல் கேட்டேன்.

“போதும் தாயே.”

அது போதுமே எனக்கு. வந்ததும் பலகையைக் கழற்றினேன். ஆனால் ஒருத்தியும் மாடிக்கு வரவில்லை. மறுநாள் நல்ல வெயில். பூப்போட்ட என்னுடையதையே முதலில் கொடியில் மாட்டினேன். தலையணை உறை மாதிரி காற்றில் உப்பி ஆடியது. மதியத்துக்குள் கொடியில் இடமில்லை.

எதிர் வீட்டம்மா பால்கனியிலிருந்து கேட்டாள்: “இன்னாக்கா இது கண்றாவி?”

“வெயில்மா. உன் கொடியில துண்டுக்கு அடியில இன்னா கீது?”

சட்டென்று உள்ளே போய்விட்டாள். என் பக்கத்தில் நின்ற இரண்டாம் மாடிப் பெண் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள். காலி செய்யக் கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டேன், ஆன்ட்டி, இன்னும் நாலு கிளிப் இருந்தால் கொடுங்கள் என்றாள்.